பழைய காரில் மீட்டர் லைட் எரியவில்லையா? புது பல்பு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஆரம்ப கால மாருதி 800 என்று ஏதாவது ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வீட்டில் நிறுத்தியிருப்பவர்கள் குமரி மாவட்டத்தில் உண்டு. பகல் ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. பொழுது சாய்ந்து தக்கலை தாண்டும்போது பார்க்கிங் லைட்டைப் போட்டால் மீட்டர் போர்டு கும்மிருட்டாகக் கிடக்கும். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது, இன்ஜின் சூடு ஏறியிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. மறுநாள் கடைக்குப் போய்ப் புது பல்பு வாங்கி மாட்டுவார்கள். அதுவும் எரியாது.

பழைய கார் இப்போதுதான் கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையும் நாலைந்து சாமான்களும் இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதியை வீட்டு முற்றத்திலேயே முடித்துவிடலாம். நம்ம ஊரில் பல்பு போவதைவிட, பல்புக்குக் கரன்ட் போய்த் திரும்புகிற வழி கெடுவதுதான் அதிகம். நாகர்கோவில் டவுனிலிருந்தே கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். செம்பும் பித்தளையும் இருக்கிற இடமெல்லாம் களிம்பு ஏறும், தகரம் இருக்கிற இடமெல்லாம் துரு ஏறும். குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு இதுதான் வியாதி. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் நிற்கிற வண்டிக்கு வேறு வியாதி: எலி. வயரின் மேல்தோலைக் கடித்துவிட்டுப் போயிருக்கும்.

அதனால் எது கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

எந்த விளக்கு என்று முதலில் பிரியுங்கள்

மீட்டர் போர்டில் இரண்டு சாதி விளக்குகள் இருக்கின்றன. ஒன்று, மீட்டர் முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது. பெரும்பாலான பழைய வண்டிகளில் இது பார்க்கிங் லைட்டோடு சேர்ந்து எரியும். பேட்டரியிலிருந்து லைட் சுவிட்சு, அங்கிருந்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், அதிலிருந்து பல்பு, பல்பின் உடம்பு வழியாக டேஷ்போர்டுத் தகரம், அந்தத் தகரம் வழியாக மறுபடி பேட்டரி. இதுதான் பாதை. ஃபியூஸ் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் டிம்மர் இருக்காது, தனிச் சுவிட்சு இருக்கும்.

இன்னொன்று வார்னிங் லைட். சார்ஜ் லைட், ஆயில் லைட், ஹைபீம் லைட், இண்டிகேட்டர் லைட் எல்லாம் இதில் சேரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி. சார்ஜ் லைட்டும் ஆயில் லைட்டும் சாவி போட்டால்தான் உயிர் பெறும். முதல் வகை கெட்டால் இருட்டு, அவ்வளவுதான். இரண்டாவது வகை கெட்டால் சில நேரம் இன்ஜினே போய்விடும். வார்னிங் லைட்டுக்குக் கீழே தனியாக வருகிறேன்.

என்னென்ன வேண்டும்

விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்று. அதைவிட முக்கியமாக ஒரு டெஸ்ட் லேம்ப். 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றை எடுத்து, ஹோல்டரிலிருந்து இரண்டு நீள வயர் இழுத்து, ஒன்றின் முனையில் முதலைக் கிளிப்பும் இன்னொன்றில் கூர்மையான ஊசியும் வைத்துக்கொண்டால் டெஸ்ட் லேம்ப் தயார். மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். களிம்பு பிடித்த கான்டாக்டிலும் மல்டிமீட்டர் அழகாக 12 வோல்ட் காட்டும். அந்தக் கான்டாக்டில் டெஸ்ட் லேம்பைக் கொளுத்திப் பார்த்தால் மினுக் மினுக்கென்று உண்மை தெரிந்துவிடும்.

இவை தவிர நைஸ் உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, கறுப்பு வயர் ஒன்றரை மீட்டர், வளைய டெர்மினல் சில, கொஞ்சம் வாஸ்லின். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம்ம ஊரில் தலைவலிக்கும் கதவுக் கீலுக்கும் அதுதான் மருந்து என்றாலும், டெர்மினலில் தடவினால் நாளாவட்டத்தில் சிக்குப் பிடித்துத் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

கை விடுவதற்கு முன்

பேட்டரியின் எர்த் வயரை, அதாவது பேட்டரியைக் காரின் பாடியோடு சேர்க்கிற வயரை, கழற்றுங்கள். பெரும்பாலும் அது நெகட்டிவ் பக்கம். 1960களின் பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். எந்தத் தடித்த வயர் பாடியில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள், நிறத்தை நம்ப வேண்டாம்.

கை மோதிரம், ஸ்டீல் வாட்ச், பிரேஸ்லெட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். அம்மீட்டர் (கரன்ட் அளவு காட்டும் மீட்டர்) உள்ள பழைய வண்டிகளில் அதன் பின்னால் வருகிற தடித்த வயருக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. மோதிரம் அதற்கும் தகரத்துக்கும் நடுவில் பட்டால் விரலோடு சேர்த்துச் சுட்டுவிடும்.

மீட்டர் போர்டை முன்னால் இழுக்கும்போது ஸ்பீடோமீட்டர் கேபிள் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் சொரசொரப்பான ஒரு நட்டு இருக்கும், அதைக் கையாலேயே சுழற்றிக் கழற்றலாம். வம்பாக இழுத்தால் கேபிள் உறை மடங்கிப் போய், அப்புறம் முள் ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி வயரில் ஒட்டுங்கள். சோதனைகளுக்குக் கரன்ட் வேண்டும் என்பதால் எல்லாம் வெளியே வந்த பிறகு பேட்டரியைத் திரும்ப மாட்டலாம். அப்போது எந்த வயர் முனையும் தகரத்தில் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் உட்கார்ந்தே பாதி கண்டுபிடிக்கலாம்

இருட்டியபின் வண்டியில் உட்கார்ந்து பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். இறங்கிப் போய் முன்னும் பின்னும் பாருங்கள்.

பின் விளக்கும் எரியவில்லை, மீட்டரும் எரியவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது லைட் சுவிட்சு. பின் விளக்கு நன்றாக எரிகிறது, மீட்டர் மொத்தமும் இருட்டு என்றால் டிம்மர், அல்லது மீட்டர் போர்டின் பொது எர்த், அல்லது சுவிட்சுக்கும் டிம்மருக்கும் நடுவில் உள்ள வயர். ஒரே ஒரு மீட்டர் மட்டும் இருட்டென்றால் அந்தப் பல்பும் ஹோல்டரும்.

மேட்டுப் பள்ளத்தில் விட்டு விட்டு எரிந்தால் லூஸ் கான்டாக்ட். இண்டிகேட்டர் போட்டதும் மீட்டர் வெளிச்சமும் கூடவே துடித்தால் பெரும்பாலும் எர்த் கெட்டிருக்கும். திரும்பிப் போக நேர் வழி கிடைக்காத கரன்ட், இன்னொரு பல்பின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் தானாக அசைந்தாலும் முதல் சந்தேகம் எர்த்தின் மேல்தான்.

இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது மங்கி, ஆக்சிலரேட்டர் மிதித்ததும் பளிச்சென்று ஆகிறதா? டைனமோ (பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற பழைய வகை இயந்திரம்) உள்ள வண்டியென்றால் அது அதன் பிறவிக் குணம், ஐடிலில் டைனமோ சரியாகச் சார்ஜ் கொடுக்காது. மீட்டர் போர்டைப் பிரித்து அதைச் சரிசெய்ய முடியாது. டைனமோவுக்குப் பதில் பின்னால் வந்த ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படி ஆனால் பெல்ட்டையும் பேட்டரியையும் பாருங்கள். நிற்கிற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை.

பேட்டரி வோல்ட்டேஜுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைகிற அதே அளவில் குறையாது, அதைவிட வேகமாகச் சரியும். பல்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 10.8 கிடைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் களிம்பு இருந்தாலே மீட்டர் மங்குவது இதனால்தான்.

டிம்மர்

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் செலவு ஒன்றும் இல்லை என்பதுதான். டிம்மர் குமிழைக் கடைசிவரை இப்படியும் அப்படியும் இருபது முப்பது தடவை திருகுங்கள். பழைய டிம்மருக்குள் ஒரு கம்பிச் சுருளும் அதன் மேல் வழுக்கிப் போகிற ஒரு தகடும்தான் இருக்கும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் களிம்பு கட்டிவிடும். திருகும்போது வெளிச்சம் ஒரு நொடி வந்து போனால் வியாதி அங்கேதான். கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இன்னும் கொஞ்சம் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியும் வரவில்லையென்றால் டிம்மரின் இரண்டு டெர்மினலையும் சின்ன வயர்த் துண்டால் இணைத்துப் பாருங்கள். மீட்டர் பளிச்சென்று எரிந்தால் டிம்மர் செத்துவிட்டது. மாற்று டிம்மர் கிடைக்கும்வரை அந்த இரண்டு வயரையும் நேரடியாக இணைத்து ஓட்டலாம், ஒன்றும் செய்யாது. வெளிச்சத்தைக் குறைக்க முடியாது என்பது மட்டும்தான் குறை.

ஃபியூஸ்

பிரிட்டிஷ் வழியில் வந்த அம்பாசடரில் கண்ணாடிக் குழல் ஃபியூஸ், ஃபியட் வழியில் வந்த பத்மினியில் மேலே தகட்டுப் பட்டை ஓடுகிற கட்டை ஃபியூஸ் என்று பழைய வண்டிகளில் இரண்டு தினுசு பார்க்கலாம். இரண்டிலும் ஃபியூஸ் நன்றாக இருந்து, அதைப் பிடித்திருக்கிற கிளிப்பில் களிம்பு இருப்பதுதான் இங்கே வழக்கம். ஃபியூஸை விரலால் அதன் இடத்திலேயே சுழற்றிப் பாருங்கள். எரிந்தால் கழற்றி, கிளிப்பின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, கிளிப் தளர்ந்திருந்தால் கொஞ்சம் நெருக்கிவிடுங்கள்.

களிம்பு என்றதும் குத்துவிளக்கு ஞாபகம் வந்து சிலர் புளியைக் கையில் எடுப்பார்கள். வேண்டாம். பித்தளை பளபளக்கும், சரிதான். ஆனால் இடுக்கில் தங்குகிற புளிப்பு, அடுத்த மழைக்குள் அதே இடத்தில் இரட்டிப்பாகக் களிம்பைக் கொண்டுவரும்.

ஃபியூஸ் உண்மையிலேயே எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவது, செம்பு இழையை முறுக்கி வைப்பது எல்லாம் வண்டியைக் கொளுத்துகிற வேலை. வயருக்கு முன்னால் எரிந்து வயரைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் இருக்கிறது.

புதியதும் உடனே எரிந்தால் எங்கோ ஷார்ட், அதாவது வயர் நேராகத் தகரத்தில் தொடுகிறது. ஃபியூஸையும் அந்த லைனில் உள்ள பல்புகளையும் எடுத்துவிட்டு, ஃபியூஸின் இரண்டு கிளிப்புக்கும் நடுவில் டெஸ்ட் லேம்பை மாட்டி, பார்க்கிங் லைட் சுவிட்சைப் போடுங்கள். டெஸ்ட் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இனி அந்த லைனில் உள்ள ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் லேம்ப் மங்குகிறதோ அல்லது அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் கோளாறு. மீட்டர் லைட்டும் பின் விளக்கும் ஒரே ஃபியூஸில் இருக்கிற வண்டிகளில் குற்றவாளி மீட்டர் போர்டில் இருக்காது, டிக்கியில் இருக்கும். நம்பர் பிளேட் விளக்குக்குப் போகிற வயர், டிக்கிக் கீல் பக்கம் மடங்கி மடங்கித் தோல் உரிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இற்றுப்போய் வயர் தகரத்தில் உரசுவதும் உண்டு.

எர்த்

இந்த மாவட்டத்து வண்டிகளில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. பழைய கார்களில் மீட்டர் பல்புக்குப் பெரும்பாலும் ஒரே வயர்தான் வரும். திரும்பும் வழி தகரம். பல்பு ஹோல்டர் மீட்டரின் டப்பாவைத் தொட வேண்டும், டப்பா டேஷ்போர்டைத் தொட வேண்டும், டேஷ்போர்டு பாடியைத் தொட வேண்டும், பாடியிலிருந்து பேட்டரிக்குத் தடித்த வயர் போக வேண்டும். எல்லாம் ஸ்க்ரூவின் முறுக்கத்தில் நிற்கிற உறவு. நடுவில் எங்கே துரு வந்தாலும் விளக்கு மங்கும்.

துருவே இல்லாமலும் இது கெடும். லட்சக்கணக்கில் செலவு பண்ணி டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வந்த வண்டியில் மீட்டர் லைட் எரியவில்லை என்று சொன்னால் முதலில் பெயின்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். டேஷ்போர்டின் பின்பக்கமும் ஸ்க்ரூ ஓட்டையும் சேர்த்து அழகாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது.

சோதனை சுலபம். லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் வெளி உலோகத்திலும் இன்னொன்றை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். பாடியில் வைக்காதீர்கள், நேராகப் பேட்டரியில் வையுங்கள், வயர் எட்டாவிட்டால் நீட்டிக்கொள்ளுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் அவ்வளவும் வழியில் வீணாகிறது. 12 காட்டினால் எர்த்தே இல்லை. மல்டிமீட்டர் இல்லாதவர்கள் ஒரு நீள வயரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த்தில் கட்டி மறுமுனையால் ஹோல்டர் உடம்பைத் தொட்டுப் பார்க்கலாம். தொட்டதும் விளக்கு நிமிர்ந்தால் விஷயம் முடிந்தது.

குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவரின் பத்மினி இப்படித்தான் வந்தது. "அண்ணே, பல்பு மாத்தி மாத்திப் பாத்தாச்சு, ஒண்ணும் எரியல்ல கேட்டியளா" என்றார். வயரின் முனையை ஹோல்டரில் தொட்டதும் நாலு விளக்கும் ஒன்றாக விழித்துக்கொண்டன. தம்பி ஒன்றும் பேசாமல், டேஷ்போர்டில் குவித்து வைத்திருந்த நல்ல பல்புகளை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டார்.

பரிகாரமாக, பழைய எர்த்தைத் தேடிச் சரிசெய்வதோடு நிற்காமல் புதிதாக ஒன்று கொடுத்துவிடுவது என் வழக்கம். கறுப்பு வயரின் ஒரு முனையில் வளைய டெர்மினல் அடித்து மீட்டர் டப்பாவின் ஸ்க்ரூவில் மாட்டுங்கள். மறுமுனையை டேஷ்போர்டுக்குப் பின்னால் பாடியோடு வெல்டிங் பிடித்த ஏதாவது ஒரு பிராக்கெட்டின் போல்ட்டில் மாட்டுங்கள். போல்ட் உட்காருகிற இடத்தில் பெயின்டை வெள்ளைத் தகரம் தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மீட்டர் தனித்தனி டப்பாவில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதே வயரை நீட்டிக் கொடுங்கள். அப்படியே பேட்டரியிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகிற தடித்த எர்த் வயர்களையும் கழற்றித் தேய்த்து மாட்டிவிடுங்கள். செல்ஃப் அடிப்பதும் அன்றைக்கே கொஞ்சம் சுறுசுறுப்பாகும்.

ஹோல்டரும் பல்பும்

ஹோல்டரை வெளியே இழுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். வயர் வந்து சேர்கிற இடத்தில் ஒரு சின்ன ரிவிட் இருக்கும், அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. நடுவில் பல்பின் அடியைத் தொடுகிற சின்ன நாக்கு இருக்கும். காலம் போகப் போக அது ஸ்பிரிங் இழந்து படுத்துவிடும், அப்புறம் பல்பு உட்கார்ந்திருக்கும், தொடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த நாக்கை ஊசியால் ஒரு மயிரிழை மேலே தூக்குங்கள். உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி உள்ளே விட்டுத் திருகுங்கள். ரிவிட் தளர்ந்திருந்தால் சின்னதாக ஒரு ஈயப் பற்று வைத்துவிடலாம்.

பல்பை வெளிச்சத்தில் பிடித்து இழையைப் பாருங்கள். கண்ணாடி கறுத்திருந்தால் இழை இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சந்தேகமென்றால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். 2.2 வாட் பல்பு குளிர்ந்த நிலையில் சில ஓம்ஸ் மட்டும் காட்டும். சூடாகி எரியும்போது அது அறுபதைத் தாண்டும், அதனால் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம்.

பழைய பிரிட்டிஷ் மீட்டர்களில் திருகிப் போடுகிற 2.2 வாட் சின்ன பல்பு, இன்னும் சிலவற்றில் அழுத்தித் திருகுகிற 4 வாட் அல்லது 2 வாட் பல்பு, பிற்கால வண்டிகளில் அடிப்பாகம் தட்டையான கண்ணாடிப் பல்பு என்று தினுசு தினுசாக இருக்கும். பெயர் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் நடக்கிற காரியம். வாட் கூடப் போடாதீர்கள். 4 வாட் இடத்தில் 10 வாட் போட்டால் மீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உருகும், மீட்டர் முகத்தின் பெயின்ட் பழுத்து மஞ்சளாகும். அப்படிக் கெட்டுப்போன மீட்டர் முகத்துக்கு மாற்றுக் கிடைப்பது கஷ்டம்.

எல்லாம் சரி, வெளிச்சம் மட்டும் போதவில்லை என்றால் மீட்டர் டப்பாவின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சத்தைத் திருப்பிவிட உள்ளே வெள்ளை அடித்திருப்பார்கள். அது பழுப்பேறியிருந்தால் புது வெள்ளை பெயின்ட் ஒரு கோட் போதும்.

வயரில் பின்னோக்கிப் போவது

எர்த்தும் ஹோல்டரும் சரியாக இருந்து இன்னும் எரியவில்லை என்றால், டெஸ்ட் லேம்பின் கிளிப்பை நல்ல எர்த்தில் மாட்டி ஊசியை முதலில் ஹோல்டருக்கு வரும் வயரில் தொடுங்கள். எரியவில்லையா, டிம்மரின் வெளியேறும் டெர்மினல். அங்கும் இல்லையா, டிம்மரின் உள்ளே வரும் டெர்மினல். பிறகு லைட் சுவிட்சு. எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் கரன்ட் தொலைகிறதோ அதுதான் இடம்.

பிரிட்டிஷ் முறை வயரிங்கில் சிவப்பு வயர் பார்க்கிங் லைட்டுக்கு, சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் வெளிச்சத்துக்கு, வெள்ளை சாவியிலிருந்து வருவது, பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது, பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, கறுப்பு எர்த். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த வண்டி என்பதால் ஒரிஜினல் வயரிங் இருந்தால் இந்தக் கணக்கு உதவும். பத்மினிக்கு இது பொருந்தாது. எதுவானாலும் நாற்பது வருஷத்தில் எத்தனை பேர் கை வைத்தார்களோ, கடையில் அன்றைக்கு எந்த நிறம் இருந்ததோ அதைப் போட்டிருப்பார்கள். நிறத்தைப் பார்த்து ஊகம் செய்யுங்கள், டெஸ்ட் லேம்ப் வைத்து முடிவு செய்யுங்கள்.

மாருதி 800 போன்றவற்றில் மீட்டர் போர்டின் பின்னால் வயருக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். பல்பு ஹோல்டர் கால்வட்டம் திருகினால் வந்துவிடும். அந்தத் தாளில் உப்புத்தாள் போடாதீர்கள். பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

வார்னிங் லைட் எரியாவிட்டால்

சாவியைப் போட்டு இன்ஜின் ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். சார்ஜ் லைட், ஆயில் லைட் இரண்டும் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் "நல்லது, ஒரு கோளாறும் இல்லை" என்று அர்த்தம் கிடையாது.

சார்ஜ் லைட்டின் ஒரு பக்கம் சாவியிலிருந்தும் மறுபக்கம் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரிலிருந்தும் வருகிறது. இன்ஜின் ஓடி இரண்டு பக்கமும் சம வோல்ட்டேஜ் ஆனதும் விளக்கு அணைகிறது. ஆல்டர்னேட்டர் வண்டிகளில் இந்தச் சின்ன பல்பு வழியாகப் போகிற கரன்ட்தான் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரை முதலில் உசுப்பிவிடுகிறது. பல்பு போனால் சார்ஜே ஏறாமல் பேட்டரி இறங்கலாம். பேட்டரி புதிது வாங்குமுன் இந்தப் பல்பைப் பாருங்கள். டைனமோ வண்டியில் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே அது அறிவிப்புக்கு மட்டும்தான்.

ஆயில் லைட்டுக்கு இன்ஜின் பிளாக்கில் ஒரு பிரஷர் சுவிட்சு உண்டு. பிரஷர் இல்லாதபோது அது வயரை எர்த் செய்யும், விளக்கு எரியும். விளக்கு எரியவில்லையென்றால் சாவி போட்ட நிலையில் அந்தச் சுவிட்சின் வயரைக் கழற்றி இன்ஜினில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்சு கெட்டது. எரியாவிட்டால் பல்பு அல்லது வயர். தலைகீழாக, வயரைக் கழற்றிய பிறகும் விளக்கு அணையவில்லையென்றால் வயர் எங்கோ பாடியில் தொடுகிறது.

ஓடுகிற வண்டியில் ஆயில் லைட் எரிந்தால் மட்டும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். "சுவிட்சுதான் கெட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு வீடுவரை ஓட்டி வந்து பேரிங் போனவர்கள் இருக்கிறார்கள். ஆயில் அளவு சரியாக இருந்தாலும் தனி பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால், இரண்டு மீட்டரும் சேர்ந்து கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் மீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். சராசரியாக 10 வோல்ட் தருவது அதன் வேலை. அதன் உடம்புக்கு எர்த் போனால் முழு 12 வோல்ட்டும் உள்ளே போய் இரண்டு முள்ளும் ஏறி நிற்கும். மறுபடியும் எர்த்.

எல்இடி போடலாமா?

மீட்டர் வெளிச்சத்துக்குப் போடலாம். கரன்ட் குறைவு, சூடும் குறைவு. ஆனால் பழைய டிம்மரோடு அது ஒத்துப்போகாது, குறைக்கப் போனால் மினுக்கும் அல்லது அப்படியே நிற்கும். சில எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் எரியாது. திருப்பிப் போட முடிகிற தட்டை அடிப் பல்பென்றால் தப்பித்தோம், திருகு பல்பென்றால் இல்லை. பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு வாங்கும்போது இதைச் சொல்லி வாங்க வேண்டும். சார்ஜ் லைட்டில் எல்இடி போடவே வேண்டாம், ஆல்டர்னேட்டரை உசுப்பும் அளவுக்கு அதில் கரன்ட் போகாது. நீல வெள்ளை நிறத்தில் கண்ணைக் கூசுகிற எல்இடியை பத்மினி மீட்டருக்குள் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை. மஞ்சள் கலந்த வெள்ளை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

எலக்ட்ரீசியனிடம் எப்போது போக வேண்டும்

வயர்க் கட்டுக்குள் தோல் கருகிய நாற்றம் வந்தாலோ, எலி கடித்த இடம் ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, லைட் சுவிட்சே உள்ளுக்குள் உருகியிருந்தாலோ நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம். பழைய வண்டி தெரிந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள். போகும்போது "மீட்டர் லைட் எரியல்ல அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் புள்ளிவரை கரன்ட் வருகிறது, எர்த்தில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று எழுதிக் கொண்டுபோனால் அவருக்கு வேலை குறையும், உங்களுக்குக் கூலி குறையும். பழைய கட்டை வெட்டாமல் அதே தடிமன் வயரில் இணைக்கச் சொல்லுங்கள், இணைப்புகளைப் பற்று வைத்து உறை போடச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேர் லைன் இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தனி லைன் வேண்டியிருந்தால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.